தலையைத் திருப்ப முடியாத வௌவால்

பேட்மேனால் ரொம்ப நாளைக்குத் தலையைத் திருப்ப முடியாமல் இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1989-இல் டிம் பர்ட்டன் எடுத்த படத்தில் மைக்கேல் கீட்டன் போட்டிருந்த உடையில் முகமூடி, கழுத்து, தோள் எல்லாம் ஒரே ரப்பர் வார்ப்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் யாராவது நின்றால் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்க வழியில்லை. இடுப்புக்கு மேலே மொத்த உடம்பையும் சேர்த்து, கதவு திறப்பதுபோலத் திரும்புவார். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு, என்ன ஒரு கம்பீரம் என்று வாயைப் பிளந்தேன். கழுத்து பிடித்துக்கொண்ட மனிதரின் கம்பீரம் அது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் நடிகர்கள் மாறினார்கள், இயக்குநர் மாறினார், அந்தக் கழுத்து மட்டும் மாறவில்லை. 2005-இல் கிறிஸ்டோபர் நோலன் கதையை முதலிலிருந்து தொடங்கியபோதும் கிறிஸ்டியன் பேலுக்கு அதே பாடுதான். விமோசனம் வந்தது 2008-இல், 'தி டார்க் நைட்' படத்தில். நாய் கடித்த கையைத் தானே தைத்துக்கொண்டிருக்கும் புரூஸ் வெய்ன் (பேட்மேனின் நிஜப் பெயர்), கவசம் ரொம்பக் கனக்கிறது, இன்னும் வேகம் வேண்டும் என்று தன் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட்டிடம் அலுத்துக்கொள்வார். பிறகு, தனக்குக் கருவிகள் செய்துதரும் லூசியஸ் ஃபாக்ஸிடம் போய்ப் புது உடை கேட்பார். தலையைத் திருப்ப முடிந்தால் நல்லது என்பார். ஃபாக்ஸாக வரும் மார்கன் ஃப்ரீமன் அலட்டிக்கொள்ளாமல், ஆமாம், காரை ரிவர்ஸ் எடுக்கச் சௌகரியமாக இருக்கும் என்பார்.

பத்தொன்பது வருஷக் கழுத்துவலிக்கு ஒரு வரி வசனம். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து வருவது. புது உடையைக் காட்டும்போது ஃபாக்ஸ் ஓர் எச்சரிக்கையும் கொடுப்பார். உடம்பு இலகுவாக அசைய வேண்டும் என்பதற்காகக் கவசத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறது, அதனால் கத்தியும் குண்டும் உள்ளே இறங்க வாய்ப்பு அதிகம் என்பார். கழுத்து வேண்டுமா, கொஞ்சம் உயிரைப் பணயம் வை. படத்தின் கடைசியில் வில்லனாக மாறிய ஹார்வி டென்ட் சுட்டுப் பேட்மேன் சுருண்டு விழும்போதெல்லாம் எனக்கு அந்த எச்சரிக்கைதான் ஞாபகம் வரும்.

சூப்பர்ஹீரோ படங்களை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். யாருக்கும் யாருக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார் என்று விடிய விடிய வாதாடிய காலம் எனக்கும் உண்டு. அதெல்லாம் இப்போது அலுத்துவிட்டது. யார் எவ்வளவு பலசாலி என்பதை எழுதுகிறவர்தான் தீர்மானிக்கிறார். இந்தப் படத்தில் மலையைப் பெயர்த்தவர் அடுத்த படத்தில் மாடிப்படியில் தடுக்கி விழுவார். இப்போது ஒரு படம் முடிந்து வெளியே வரும்போது என்னை நானே கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: கனத்ததா? அவன் தூக்கியது, விழுந்தது, அடி வாங்கியது எதுவாவது இருக்கையில் உட்கார்ந்திருந்த என் உடம்பில் உறைத்ததா? உறைத்திருந்தால் மற்ற எல்லா அபத்தத்தையும் மன்னித்துவிடுவேன். இல்லையென்றால் ஐம்பது மாடிக் கட்டடம் ஐந்து இடிந்தாலும் எனக்குக் கொட்டாவிதான்.

(கதை தெரிந்துவிடுமே என்று பதறுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எல்லாம் பழைய படங்கள், எல்லாவற்றின் முடிவையும் உடைக்கப் போகிறேன்.)

1978-இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். இயக்கம் ரிச்சர்ட் டோனர், நாயகன் கிறிஸ்டோபர் ரீவ். ஒரு மனிதன் பறப்பதை நீங்கள் நம்பத்தான் போகிறீர்கள் என்று சொல்லியே அந்தப் படத்தை விளம்பரம் செய்தார்கள். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இந்த வேலைக்கு வராத காலம். பறக்க வைக்க அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. கடைசியில் கைகொடுத்தவற்றில் ஒன்று ஸோரான் பெரிசிச் என்பவரின் யோசனை. நடிகரைத் திரைக்கு முன்னால் தொங்கவிட்டு, திரையில் வானத்தை ஒளிப்படமாக விழச் செய்வது பழைய வித்தைதான். அவர் படம்பிடிக்கும் கேமராவிலும் ஜூம் லென்ஸ் வைத்தார், வானத்தை விழச் செய்யும் புரொஜெக்டரிலும் ஜூம் லென்ஸ் வைத்தார், இரண்டையும் ஒன்றாக இயங்கும்படி இணைத்தார். கேமரா நெருங்க நெருங்க, புரொஜெக்டர் வானத்தை அதே அளவுக்குச் சுருக்கும். வானம் அப்படியே இருக்கும், மனிதன் மட்டும் பெரிதாகிக்கொண்டே வருவான். நடிகர் இருந்த இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறார், நமக்கோ அவர் நம் மூக்கை உரசிக்கொண்டு போகிறார். அந்தப் படத்துக்குக் காட்சி உத்திகளுக்காகச் சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது, நியாயமாகவே.

ஆனால் லென்ஸ் மட்டும் போதாது. ரீவுக்கு நிஜ வாழ்க்கையில் விமானம் ஓட்டத் தெரியும், கிளைடரும் ஓட்டுவார். கம்பியில் தொங்கும்போது அவர் உடம்பைப் பாருங்கள். திரும்புவதற்கு முன்னால் தோள் சாயும், பிறகுதான் கால் வரும். காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது, இவர் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்கிறார். பிற்காலத்தில் எத்தனையோ பேர் கையை நீட்டிக்கொண்டு அம்பு மாதிரிப் போனார்கள், அதில் காற்றே இல்லை.

சரி, பறப்பதை விடுங்கள். அந்தப் படத்தில் என்னை இன்றைக்கும் அசைக்கும் காட்சியில் யாரும் பறக்கவில்லை. லோயிஸ் லேனை வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டி மாடியில் இறக்கிவிட்டுப் போகிறார் சூப்பர்மேன். சற்று நேரத்தில் கதவு தட்டப்படுகிறது, கிளார்க் கென்ட், அதாவது சாதாரண ஆளாக வேஷம் போட்ட அதே சூப்பர்மேன். கூன் போட்ட தோள், மூக்கில் நழுவும் கண்ணாடி. லோயிஸ் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறாள், தயாராகிறேன் என்று உள்ளே போகிறாள். தனியாக நிற்கும் கிளார்க் கண்ணாடியைக் கழற்றுகிறான். முதுகு நிமிர்கிறது. தோள் விரிகிறது. தாடை மாறுகிறது, குரல் ஒரு படி இறங்குகிறது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கிறான். பிறகு என்ன நினைத்தானோ, காற்றுப் போன பலூன் மாதிரி மறுபடி சுருங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேறு எதையோ உளறுகிறான். மேக்கப் கிடையாது, உடை மாற்றம் கிடையாது. கண்ணாடி போட்டால் அடையாளம் தெரியாமல் போய்விடுமா என்று உலகமே கேலி செய்த ஒரு சமாசாரத்தை, ஓர் ஆள் தன் முதுகெலும்பை வைத்துக்கொண்டு சில நொடியில் நம்ப வைத்துவிட்டார். கூன் போட்டுக்கொண்டே வாழ்வது எவ்வளவு பெரிய சுமை என்பது அவர் நிமிர்ந்தபோதுதான் நமக்குத் தெரிகிறது.

பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்பும் அந்தக் க்ளைமாக்ஸுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அது அபத்தம்தான். முதுகெலும்புக்காக மன்னித்துவிட்டேன்.

என் கட்சி எது என்று ஒரே படத்தைச் சொல்லச் சொன்னால், யோசிக்காமல் 2004-இல் வந்த 'ஸ்பைடர்-மேன் 2' என்பேன். சாம் ரைமி இயக்கம், டோபி மெக்வயர் நாயகன். முதல் படத்தில், 2002-இல், கேன்டீனில் மேரி ஜேன் வழுக்கி விழப்போக, ஒரு கையால் அவளையும் இன்னொரு கையில் தட்டையும் பிடித்து, காற்றில் பறந்த சாப்பாட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தட்டில் வாங்குவானே, அது கிராஃபிக்ஸ் இல்லை. தட்டைக் கையில் ஒட்டவைத்துக்கொண்டு, 150 டேக்குக்கு மேல் வாங்கி, நிஜமாகவே பிடித்தார் மெக்வயர். இரண்டாம் படத்தில் ரைமி இந்தப் பிடிவாதத்தை இன்னும் பெரிதாக்கினார். வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் நான்கு இரும்புக் கைகளும் பல காட்சிகளில் பொம்மலாட்டம்தான். கைக்கு நாலு பேராக நின்று அவற்றை இயக்கினார்கள். அவராக வரும் ஆல்ஃபிரட் மொலினா அவற்றோடு பேசும்போது, எதிரே நிஜமாகவே ஒன்று நின்று தலையாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கைகளை முதுகில் மாட்டிய மனிதர் எப்படிக் களைத்து நடக்கிறார் என்று பாருங்கள். வில்லனுக்கும் கனக்கிறது.

ஆனால் அந்தப் படத்தின் உயிர், ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கரின் தரித்திரத்தில் இருக்கிறது. பீட்ஸாவை நேரத்துக்குக் கொண்டு சேர்க்க முடியாமல் வேலை போகிறது. வாடகை பாக்கி. சிலந்தி உடையை மற்றத் துணிகளோடு போட்டுத் துவைத்து வெள்ளைத் துணியெல்லாம் சாயம் ஏறி வருகிறது. பலம் போய்விட்டதால் உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து இறங்க வழியில்லாமல், முழு வேஷத்தோடு லிஃப்டில் நிற்கிறான். உள்ளே வந்த ஆள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உடை நன்றாக இருக்கிறது என்கிறான், இவன் கொஞ்சம் அரிக்கிறது என்கிறான். லிஃப்ட் இறங்கிக்கொண்டே இருக்கிறது. உலகத்தைக் காப்பவனும் ஓர் அந்நியனும் லிஃப்டில் பேச விஷயம் இல்லாமல் நிற்பதைவிட நீளமான நேரம் எந்தச் சண்டைக்காட்சியிலும் கிடையாது.

இன்னொரு இடம். பலம் திரும்பிவிட்டது என்று நினைத்து மொட்டைமாடியிலிருந்து பாய்கிறான். வந்துவிட்டேன் என்று கத்துகிறான். வரவில்லை. கீழே காரின் மேல் பொத்தென்று விழுந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, ஐயோ முதுகு என்று முனகியபடி நொண்டிக்கொண்டு போகிறான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'பேக்' என்ற ஒரே சொல். படப்பிடிப்புக்கு முன்னால் மெக்வயருக்கு நிஜமாகவே முதுகுவலி வந்து, வேறு நடிகரைப் போடலாமா என்று பேச்சு நடந்த கதை தெரிந்தபிறகு அந்தக் காட்சியைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும். 2004-ஐ நான் முதுகுவலி வருஷம் என்றே சொல்வேன். அதே வருஷம் வந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' கார்ட்டூனிலும், தொப்பை போட்ட பழைய ஹீரோ பாப், ரோபோவோடு சண்டை போடும்போது முதுகு பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த ரோபோவே அவரைப் பிடித்து இழுக்க, படக்கென்று முதுகு சரியாகிவிடும். அந்த நிம்மதி முகத்தை நாற்பது தாண்டியவர்கள் மட்டுமே முழுசாக ரசிக்க முடியும்.

இப்போது ரயில். இந்தக் காட்சியைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன்.

பிரேக்கை உடைத்துவிட்டுப் போய்விட்டார் டாக்டர் ஆக்டோபஸ். உயரத்தில் ஓடும் ரயில், பாதை ஓர் இடத்தில் முடிகிறது, ரயில் நிறைய ஜனம். ஸ்பைடர்மேன் ரயிலின் மூக்கில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறான், முகமூடி இல்லை. முதலில் காலை ஊன்றிப் பார்க்கிறான். தண்டவாளக் கட்டைகள் படபடவென்று உடைந்து பறக்கின்றன, ரயில் நிற்கவில்லை. அடுத்து இரண்டு பக்கமும் கட்டடங்களில் நூலை அடிக்கிறான், நூல் கட்டடச் சுவரையே பெயர்த்துக்கொண்டு வருகிறது. பிறகு ஒன்று, இரண்டு, பத்து என்று இரு கையிலும் அடித்துக்கொண்டே போகிறான், எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கிறான். உடை தையலில் பிரிகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. முகம் இருக்கிறதே, அது ஹீரோ முகமே இல்லை. பல்லைக் கடித்து, கண்ணை இடுக்கி, அவமானமே பார்க்காமல் கோணிக்கொண்ட முகம். போஸ்டரில் போட முடியாத முகம். ரயில் நிற்கிறது, பாதை முடியும் விளிம்பில்.

எட்டு வயதில் என் மகள் இந்தக் காட்சியை என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். நடுவில் கேட்டாள்: "அப்பா, இவனுக்குத்தான் அவ்வளவு பலம் இருக்கே, அப்புறம் ஏன் இவ்ளோ கஷ்டப்படுறான்?"

"ரயில் கனமாச்சேம்மா" என்றேன்.

"அப்ப இவனால முடியாதா?"

"தெரியலையே."

அவள் அதற்கப்புறம் பேசவில்லை. அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தவன் நான், ரயில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் சொன்னது பொய் இல்லை. முடியுமா என்று எனக்கும் நிச்சயமில்லாமல்தான் இருந்தது. பலத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் ஒரு நூல் வித்தியாசம்தான் விட்டிருப்பார் ரைமி. பலசாலி ரயிலை நிறுத்தினால் அது செய்தி. நிறுத்த முடியாதவன் நிறுத்தினால்தான் நான் இருக்கையின் கைப்பிடியைப் பிடிக்கிறேன்.

நின்ற பிறகு அவன் மயங்கி முன்னால் சாய்கிறான். உடைந்த கண்ணாடி வழியாக உள்ளிருந்து கைகள் நீண்டு அவனைப் பிடித்துக்கொள்கின்றன. தலைக்கு மேலே தூக்கி, கை மாற்றிக் கை மாற்றி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். ரயிலைத் தாங்கியவனைப் பயணிகள் தாங்குகிறார்கள். அவன் முகத்தைப் பார்த்த ஒருவர், சின்னப் பையன், என் மகனைவிடப் பெரியவனாக இருக்க மாட்டான் என்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைக் கொண்டுவந்து கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். அப்புறம் ஆக்டோபஸ் திரும்பி வரும்போது, என்னைத் தாண்டிப் போ பார்க்கலாம் என்று ஒவ்வொருவராக அவன் முன்னால் வந்து நிற்கிறார்கள். சரி என்று சொல்லி எல்லோரையும் இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளிவிட்டு வருகிறார் ஆக்டோபஸ். கண் கலங்கிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வரும். இந்த இடத்தில் ஊருக்கே வீரம் வந்து வில்லன் ஓடுவதாக வைத்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன், மறுநாள் மறந்திருப்பேன்.

ரயிலை நிறுத்துவது ஒரு வகை. உட்கார்ந்த இடத்திலேயே எடை தூக்குவது இன்னொரு வகை. 2000-இல் ஷ்யாமளன் எடுத்த 'அன்பிரேக்கபிள்' வந்தபோது அதை சூப்பர்ஹீரோ படம் என்று யாரும் விளம்பரம் செய்யவில்லை. நானும் ஏதோ பேய்க் கதை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். புரூஸ் வில்லிஸ் ஒரு பாதுகாவலர். பெரிய ரயில் விபத்தில் எல்லோரும் செத்துப்போக, இவர் மட்டும் கீறல்கூட இல்லாமல் எழுந்து வருகிறார். தான் யார் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. வீட்டின் நிலவறையில் படுத்து எடை தூக்குகிறார், மகன் உதவுகிறான். எடையைக் குறை என்று சொன்னால் பையன் கூட்டிவைத்திருக்கிறான். அப்பா தூக்கிவிடுகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னும் கொஞ்சம். தூக்குகிறார். எடைத் தட்டுகள் தீர்ந்துபோய், பெயின்ட் டப்பாக்களைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பின்னணி இசையில் முரசு இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. இரண்டு பேர், ஒரு கம்பி, ஒரு பயம். மகனுக்கு ஆனந்தம், அப்பாவுக்குத் திகில்.

தன் பலம் தனக்கே தெரியாமல் கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்த அனுமனுக்கு ஜாம்பவான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தப் படத்திலும் ஒரு ஜாம்பவான் உண்டு, சாமுவேல் எல். ஜாக்சன். தொட்டால் எலும்பு நொறுங்கும் நோயோடு பிறந்தவர். நீ சாதாரண ஆள் இல்லை என்று வில்லிஸைத் துரத்தித் துரத்திச் சொல்கிறார். கடைசியில் பார்த்தால், அப்படி ஒருவனைக் கண்டுபிடிப்பதற்காக அந்த ரயிலையே கவிழ்த்தவர் அவர்தான். ஜாம்பவானே வில்லன்! இந்த ஒரு திருப்பத்துக்காக ஷ்யாமளனின் பிற்காலப் படங்கள் பலவற்றை நான் பொறுத்துக்கொண்டேன்.

'லோகன்' பற்றி நிறைய எழுதினால் அழுதுவிடுவேன், அதனால் கொஞ்சம்தான். 2000 முதல் வுல்வரினாக (லோகன் என்பதும் அவர்தான்) நடித்துவந்த ஹ்யூ ஜாக்மன், 2017-இல் ஜேம்ஸ் மேங்கோல்ட் எடுத்த இந்தப் படத்தில் கிழவராக வருகிறார். எலும்போடு பிணைத்த உலோகமே உள்ளிருந்து அவருக்கு விஷமாகிக்கொண்டிருக்கிறது. முஷ்டியை மடக்கினால் சரக்கென்று பாய வேண்டிய நகங்களில் ஒன்று பாதியில் சிக்கிக்கொள்கிறது, அதைக் கையால் பிடித்து இழுத்து வெளியே எடுக்கிறார். சின்ன எழுத்தைப் படிக்கக் கண்ணாடி. ஒரு காலத்தில் அவருக்கு வழிகாட்டிய பேராசிரியர் சார்லஸ் சேவியர் இப்போது தொண்ணூறைத் தொட்ட நோயாளி. பேரழிவு ஆயுதம் என்று அரசாங்கமே வகைப்படுத்திய மூளை அவருடையது, மறதி நோய் பிடித்துக்கொண்டது. மருந்து சாப்பிட அடம்பிடிக்கிறார், திட்டுகிறார். அவரைக் குழந்தையைப்போல இரண்டு கையிலும் ஏந்தி மாடிப்படி ஏறிப் படுக்கையில் விடுகிறார் லோகன். மூச்சு இரைக்கிறது. எத்தனையோ படங்களில் அவர் எதையெதையோ தூக்கியிருக்கிறார். எனக்கு இந்தப் படிக்கட்டு மட்டும்தான் நினைவில் நிற்கிறது. வீட்டில் வயதானவர்களைத் தூக்கிப் படுக்க வைத்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

வரைந்த படத்துக்கு எடை வருமா என்று கேட்டால் 2018-இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தைக் காட்டுவேன். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படம். அனிமேஷன்காரர்கள் மைல்ஸ் மொரால்ஸ் என்ற பையனைப் பல இடங்களில் இரண்டு படத்துக்கு ஒரு முறை மட்டுமே அசைய வைத்தார்கள், அதாவது நொடிக்கு 12 அசைவு. பழம் தின்று கொட்டை போட்ட பீட்டர் பார்க்கருக்கு மட்டும் முழு 24. காட்டுக்குள் இருவரும் நூலில் தாவும் இடத்தில் பாருங்கள், ஒரே திரையில் பெரியவர் வழுக்கிக்கொண்டு போவார், பையன் தடுக்கித் தடுக்கி வருவான். ஏன் என்று நமக்குத் தெரியாது, அவன் கற்றுக்குட்டி என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிறகு அவன் தேறத் தேற அசைவும் வழுவழுப்பாகிறது.

மைல்ஸுக்கு இன்னொரு சிக்கல், பதற்றம் வந்தால் கை ஒட்டிக்கொள்ளும், எடுக்க வராது. வேண்டாத இடத்தில் ஒட்டி மானம் போகும். கடைசியில் உயரமான கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறான், தாவ வேண்டும். தாவுகிறான். விரல் விடவில்லை, கண்ணாடி பெயர்ந்து விரலோடு வருகிறது. பயம் போகவில்லை, பயத்தோடுதான் குதித்தான் என்பதை ஒரு வசனம் இல்லாமல் அந்தக் கண்ணாடித் துண்டுகள் சொல்லிவிடும். அப்புறம் கேமரா தலைகீழாகும், விழுகிறவன் மேலே எழும்புவதுபோலத் தெரியும். பெரிய திரையில் அதைப் பார்த்தபோது என் வயிறு ஒரு கணம் என்னோடு இல்லை.

எனக்குக் கொட்டாவி வரும் வகையையும் சொல்லிவிடுகிறேன். வானத்தில் ஒரு நீலக் கதிர். அதைச் சுற்றிப் பூச்சிக் கூட்டம் மாதிரி எதிரிகள். ஹீரோவைத் தூக்கி ஒரு கட்டடத்தின் மேல் எறிகிறார்கள், அவர் மறுபக்கமாக வெளியே வந்து, தலைமுடி கலையாமல் அடுத்த கட்டடத்துக்குப் போகிறார். எதுவும் எதன்மேலும் இடிக்கவில்லை, எல்லாம் திரையில் நகர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 2017-இல் பாட்டி ஜென்கின்ஸ் எடுத்த 'வொண்டர் வுமன்' படத்தின் கடைசிச் சண்டையே அப்படித்தான் போய்விட்டது. ஆனால் அதே படத்தின் நடுவில், முதல் உலகப்போரின் பதுங்குகுழியிலிருந்து அவள் தனியாக ஏணி ஏறி வெளியே வரும் இடம் இருக்கிறதே! இயந்திரத் துப்பாக்கிகள் எல்லாம் அவள் கேடயத்தைக் குறிவைக்க, ஒரு முழங்காலை ஊன்றி, கேடயத்துக்குப் பின்னால் குறுகி, பாதத்தை மண்ணில் புதைத்து நிற்பாள். குண்டு மழை அவளைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அங்கே கனத்தது.

2008-இன் 'அயர்ன் மேன்' இந்த விஷயத்தில் பெரிய பள்ளிக்கூடம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது, குகைக்குள் பழைய இரும்பை வைத்தே கவசம் செய்து தப்பிக்கிறான் டோனி ஸ்டார்க். ஆனால் என் வோட்டு அதற்கு அப்புறம் வரும் சோதனைக் காட்சிக்கு. பறக்கும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பத்தே சதவீத வேகம் போதும் என்று அடக்கமாகத் தொடங்குவான், கண் இமைக்கும் முன்னால் கூரையில் மோதிக் கீழே கிடப்பான். முதல் தடவை நன்றாகப் பறந்து முடித்து, ஸ்டைலாகத் தன் வீட்டு மொட்டைமாடியில் இறங்குவான். மாடி தாங்காது. மாடியைப் பொத்துக்கொண்டு, பியானோவைப் பொத்துக்கொண்டு, நிலவறையில் நிற்கும் காரின் மேல் போய் உட்காருவான். கவசத்துக்கு எடை உண்டு என்று இயக்குநர் ஜான் ஃபேவ்ரோ அன்றைக்கே சொல்லி வைத்துவிட்டார். பின்னால் வந்த பல படங்களில் அந்தக் கவசம் சட்டை மாதிரி ஆகி, கடைசியில் தண்ணீர் மாதிரி உடம்பில் ஊறி வர ஆரம்பித்தது. கண்ணுக்கு அழகுதான். எனக்குப் பியானோதான் வேண்டும்.

இவ்வளவு எடையைப் பற்றிப் பேசிவிட்டு தோரின் சுத்தியலைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது. தகுதியுள்ளவன் மட்டுமே தூக்க முடியும் என்பது அதன் கணக்கு. 2015-இல் வந்த 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் ஒரு விருந்து முடிந்து ஹீரோக்கள் எல்லோரும் களைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சுத்தியல் மேஜையில் கிடக்கிறது. ஆளுக்கொரு தடவை தூக்கிப் பார்க்கிறார்கள். டோனி இரும்புக் கையை மாட்டிக்கொண்டு இழுக்கிறான், நண்பனையும் கூட்டு சேர்த்துக்கொண்டு இழுக்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. தோர் சோபாவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். பிறகு கேப்டன் அமெரிக்கா எழுந்து வந்து சட்டைக் கையை மடக்கிக்கொண்டு பிடித்து இழுக்கிறான். சுத்தியல் லேசாக ஒரு சத்தம் போடுகிறது. தோரின் சிரிப்பு அப்படியே நின்றுவிடுகிறது. அடுத்த கணம் கேப்டன் கையை விட்டுவிட, தோருக்கு மூச்சு வருகிறது, சிரிக்கிறான்.

அதே படத்தில், புதிதாகப் பிறந்த செயற்கை மனிதன் விஷன் நல்லவனா கெட்டவனா என்று எல்லோரும் குழம்பி நிற்கும்போது, அவன் பேச்சோடு பேச்சாகச் சுத்தியலை எடுத்துத் தோரின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரு பக்க வசனம் மிச்சம். படத்தின் கடைசியில் இதையே வைத்து வழக்காடுவார்கள்: லிஃப்டில் சுத்தியலை வைத்தால் லிஃப்ட் மேலே போகும்தானே, அப்படியானால் லிஃப்டுக்குத் தகுதி இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

2019-இல் 'எண்ட்கேம்' படத்தில் கேப்டன் அந்தச் சுத்தியலைத் தூக்கியபோது தியேட்டரே எழுந்து நின்றது, நானும் நின்றேன். அடிபட்டுக் கிடந்த தோர், எனக்கு அப்பவே தெரியும் என்று கத்துவான். பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் வீட்டில் மறுபடி மறுபடி பார்ப்பது அந்தப் பழைய விருந்துக் காட்சியைத்தான். மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது, ரிமோட் அவள் கையில். சுத்தியல் சத்தம் போடும் இடத்தில் நிறுத்துவாள், பின்னால் தள்ளுவாள், மறுபடி ஓட்டுவாள். நேற்றுகூட டிவிக்குப் பக்கத்தில் போய் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இங்க வந்து பாருங்க. நல்லாவே நகருது."

"நகருதுதான். ஆனா ஒரு நூல்தான்."

"ஒரு நூல் இல்ல, ரெண்டு நூல். மேஜையோட ஓரத்தை வச்சுப் பாருங்க."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மறுபடி ஓட்டச் சொன்னேன்.